கல்நாரும் வண்ணத்துப்பூச்சியும்

2003 ஜூலையில் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரையில் இரண்டு எண்கள் அருகருகே இருக்கின்றன. 12.1, 9.3. இரண்டும் மாதக் கணக்கு. மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்தவர்களுக்கு சிஸ்பிளாட்டின் என்ற பழைய மருந்தை மட்டும் கொடுத்தபோது பாதிப் பேர் 9.3 மாதத்துக்குள் இறந்துபோனார்கள். அதோடு பெமெட்ரெக்ஸெட் என்ற புது மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பாதிக் கணக்கு 12.1 மாதத்துக்குத் தள்ளிப்போனது. வித்தியாசம் 2.8 மாதம். இந்த 2.8 மாதத்துக்கு மனிதர்கள் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் மருத்துவன் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். மருந்து ஆய்வுத் தரவுகளை வரைபடமாக்கும் ஒரு ப்ராஜெக்ட்டில் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கேதான் உயிர்வாழ்வு வரைகோடு என்ற ஒன்றைத் தினமும் பார்க்கப் பழகினேன். மேலே இடது மூலையில் நூறு சதவீதத்தில் ஆரம்பிக்கும் ஒரு கோடு, படிக்கட்டு மாதிரி வலது பக்கம் இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு படியும் ஒரு ஆள். கோடு எழுதிய எங்களுக்கு அது வெறும் ஒரு வரிசைப் பட்டியல்தான். ஆனால் இரண்டு சிகிச்சைகளின் கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் அந்தச் சின்ன இடைவெளிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை தேட ஆரம்பித்தேன். தேடல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கி, பம்பாய் வழியாக, குன்னூர் வழியாக, நம்ம திருவல்லிக்கேணி வழியாகப் போகும் என்று சத்தியமாக எதிர்பார்க்கவில்லை.

*

முதலில் நோய். நுரையீரலையும் வயிற்று உறுப்புகளையும் போர்த்தியபடி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. மூச்சு விடும்போது நுரையீரல் விலா எலும்புகளின் மேல் உரசாமல் வழுக்கிக்கொண்டு போவது அந்தச் சவ்வால்தான். அதில் வரும் புற்றுநோய்தான் மீசோதீலியோமா. பெரும்பாலும் இதற்கு ஒரே ஒரு காரணம்: ஆஸ்பெஸ்டாஸ். தமிழில் அதற்கு அருமையான பெயர் இருக்கிறது, கல்நார். கல்லிலிருந்து நார் உரிக்க முடியும் என்பது எவ்வளவு விசித்திரமோ அவ்வளவு விசித்திரம் அந்தக் கனிமம். எரியாது, மக்காது, துணியாக நெய்யலாம், சிமெண்டில் கலந்து தகடாக வார்க்கலாம். அந்த நார் உடைந்து உடைந்து கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகி மூச்சோடு உள்ளே போய்விட்டால், உடம்பாலும் அதை மக்கவைக்க முடியாது.

இது தெரியவந்த கதை 1950களில் நடக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி என்ற வைரச் சுரங்க நகரம். அங்கே காசநோய் மருத்துவமனை நடத்தி வந்த ஸ்லெக்ஸ் என்ற மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நெஞ்சில் நீர் கோர்த்து வரும் நோயாளிகளில் ஊருக்குக் கிழக்கேயிருந்து வருபவர்கள் காசநோய் மருந்தில் தேறிவிடுகிறார்கள். மேற்கேயிருந்து வருபவர்களில் சிலர் தேறுவதே இல்லை. மருந்து ஒன்றுதான், மருத்துவமனை ஒன்றுதான், திசை மட்டும்தான் வேறு. மேற்கே என்ன இருக்கிறது? நீலக் கல்நார் தோண்டும் மலைகள்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருந்த நோய்க்குறியியலாளர் கிறிஸ்டோபர் வாக்னர், அறுவை மருத்துவர் மார்ச்சண்ட், ஸ்லெக்ஸ் மூவரும் சேர்ந்து 1960இல் 33 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் கல்நாரோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. அதிர்ச்சி என்னவென்றால் அவர்கள் எல்லோரும் சுரங்கத் தொழிலாளிகள் இல்லை. குடும்பத் தலைவிகள் இருந்தார்கள். மாடு மேய்த்தவர்கள் இருந்தார்கள். கணக்கு எழுதியவர் ஒருவர் இருந்தார். சிலர் சிறுவயதில் அந்தப் பக்கம் வாழ்ந்தவர்கள், அவ்வளவுதான். சுரங்கக் கழிவு மேடுகளில் விளையாடிய பிள்ளைகள் வளர்ந்து, ஊர் மாறி, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, எல்லாம் மறந்த பிறகு நோய் அவர்களைத் தேடி வந்தது.

எங்கள் தொழிலில் லேட்டன்ஸி என்றால் மில்லிசெகண்ட். பட்டனை அழுத்தியதற்கும் பக்கம் திறப்பதற்கும் நடுவில் ஆகும் நேரம். 200 மில்லிசெகண்டைத் தாண்டினால் மேனேஜர் கூப்பிட்டு விசாரிப்பார். மருத்துவத்திலும் அதே சொல் இருக்கிறது. மீசோதீலியோமாவின் லேட்டன்ஸி 20 முதல் 50 ஆண்டுகள். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் ஒரு முழு ஆயுளின் பெரும்பகுதி. தப்பு செய்தவர் ரிட்டயர் ஆகியிருப்பார், கம்பெனி கைமாறியிருக்கும், ஆலை இருந்த இடத்தில் அபார்ட்மெண்ட் வந்திருக்கும். நோய் மட்டும் சொன்ன தேதிக்கு வரும்.

*

காரணம் 1960இலேயே தெரிந்துவிட்டது. மருந்து வர ஏன் 40 வருஷத்துக்கு மேல் ஆனது?

இந்தக் கட்டி கட்டியாகவே வளர்வதில்லை என்பது ஒரு காரணம். ஆரஞ்சுப் பழத்தின் தோல் மாதிரி நுரையீரலைச் சுற்றித் தகடாகப் படர்ந்து இறுக்கிக்கொள்கிறது. கட்டி உருண்டையாக ஒரு இடத்தில் இருந்தால் வெட்டி எடுக்கலாம். தோலை முழுக்க உரிப்பது வேறு விஷயம். கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றால் அடியில் நுரையீரல், பக்கத்தில் இதயம். மிச்சம் இருப்பது ரத்தத்தின் வழியாகப் போகும் கீமோதான். அதிலும் அந்தக் காலத்தில் இருந்த மருந்துகளை ஒவ்வொன்றாகச் சின்னச் சின்ன ஆய்வுகளில் போட்டுப் பார்த்தார்கள். சிலருக்குக் கட்டி கொஞ்சம் சுருங்கும், பிறகு மறுபடி வளரும். ஆயுள் நீண்டது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

2008இல்கூட பிரிட்டனில் 409 பேரிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு வெளியானது. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மட்டும் வைத்தியம் பார்த்தவர்களையும், அதோடு பழைய கீமோ மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். 7.6 மாதம், 8.5 மாதம். புள்ளியியல்படி அந்த வித்தியாசத்தை நம்ப முடியாது என்பதுதான் முடிவு. ஆக, இந்த நோய்க்குக் கீமோ கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்று மருத்துவர்கள் கேட்டது விரக்தியில் கேட்ட கேள்வி இல்லை. நியாயமான கேள்வி.

அந்தக் கேள்விக்கு முதல் முறையாக ‘இருக்கிறது’ என்று பதில் சொன்னது பெமெட்ரெக்ஸெட். நண்பன் ஒருவனின் அப்பாவுக்கு இதைக் கொடுத்தார்கள். அவர் இளமையில் ஒரு ஆலையில் பாய்லர் குழாய்களின் மேல் கல்நார்க் கயிறு சுற்றியவர். மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த சீட்டை எனக்கு போட்டோ எடுத்து அனுப்பி நண்பன் கேட்டான்: “இத பாருடா, மொத ஊசி போடறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஃபோலிக் ஆசிட் மாத்திரை போடச் சொல்லியிருக்காங்க. கர்ப்பிணிங்களுக்குக் குடுக்கறதுதானே இது? எங்கப்பாவுக்கு எதுக்கு?”

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கர்ப்பிணிகளிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

*

1928. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வருகிறார். வயது 40. பிரசவ காலத்தில் பெண்கள் ஏன் இவ்வளவு பேர் சாகிறார்கள் என்பதை ஆராய்வதற்காக. துணி மில்களில் வேலை பார்த்த ஏழைப் பெண்களிடம் ஒருவகை ரத்தசோகை இருந்தது. சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் மட்டும் வீங்கியிருந்தன. கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. அவர்கள் சாப்பாட்டைப் பார்த்தார். காய்கறி, பழம், பால் எதுவும் சரியாக இல்லாத சாப்பாடு.

1929இல் வேலையைக் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டுக்கு மாற்றினார். 1931இன் ஆரம்பத்தில் சென்னையில் இருந்தார், திருவல்லிக்கேணியில் அன்றைக்கு ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று ஜனங்கள் சொன்ன, இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில். எலிகளிடமும் குரங்குகளிடமும் அதே ரத்தசோகையை உணவின் மூலமாகவே வரவழைத்துப் பார்த்தார். கடைசியில் அதைச் சரிசெய்தது ஒரு மலிவான பொருள்: மார்மைட். பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யும் கறுப்பான, உப்பான பசை. ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். அதைக் கொடுத்தால் பெண்கள் சில நாட்களில் தேறினார்கள்.

மார்மைட்டில் இருந்த அந்த ஏதோ ஒன்றுக்கு ‘வில்ஸ் காரணி’ என்று பெயர் வந்தது. 1941இல் அமெரிக்காவில் டெக்சாஸில் நாலு டன் பசலைக்கீரையை வடித்து அதே பொருளைப் பிரித்தார்கள். இலையிலிருந்து வந்ததால் இலைக்கான லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர். ஆக, இன்றைக்கு உலகம் முழுக்கக் கர்ப்பிணிகள் விழுங்கும் அந்தச் சின்ன மாத்திரையின் முன்கதையில் பம்பாய் மில் பெண்களும் திருவல்லிக்கேணியும் இருக்கிறார்கள்.

இந்த அமிலம் உடம்பில் பார்க்கும் வேலை ஒரு சுமைதூக்கியின் வேலை. ஒரே ஒரு கார்பன் அணுவைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்கே தேவையோ அங்கே இறக்கி வைக்கும். செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் டிஎன்ஏவைப் புதிதாக நகலெடுக்க வேண்டும். நகலெடுக்கத் தேவையான எழுத்துகளைத் தயாரிக்க இந்தக் கார்பன் வேண்டும். சுமைதூக்கி வராவிட்டால் பிரிதல் நடுவழியில் நின்றுபோகும். வேகமாகப் பிரியும் செல்கள்தான் முதலில் மாட்டும். ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜை, குழந்தை வளரும் கருப்பை. அப்புறம் இன்னொன்று: புற்றுநோய்.

*

இந்த ‘இன்னொன்று’ வழியாகக் கதைக்குள் வருபவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னார் என்று கதர் உடுத்திக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போக, ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற கீழ்ப்பட்டம்தான் கிடைத்தது. அவர் சகோதரர் ஒருவர் ஸ்ப்ரூ என்ற குடல்நோயில் செத்துப்போனார். சாப்பாட்டின் சத்து உடம்பில் ஒட்டாமல் ஆளை உருக்கும் நோய் அது. பின்னாளில் அதற்கு ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று.

சுப்பாராவ் அமெரிக்கா போனார். பாஸ்டனில் மருத்துவமனையில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். உடம்பில் பாஸ்பரஸை அளக்க அவரும் ஃபிஸ்கும் கண்டுபிடித்த முறை இன்றைக்கும் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. ஆனாலும் ஹார்வர்ட் நிரந்தர வேலை தரவில்லை. 1940இல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார். அவர் தலைமையில் அங்கே ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்தார்கள். தயாரிக்கத் தெரிந்தால் மாற்றித் தயாரிக்கவும் தெரியும், இல்லையா? பார்ப்பதற்கு ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும், ஆனால் சுமை தூக்காது. சுமைதூக்கி வேஷம் போட்டுக்கொண்டு வாசலை அடைத்து நின்றுகொள்ளும் போலிகள்.

அதே நேரத்தில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தை நோய்க்குறியியலாளர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோலிக் அமிலம் ரத்தத்துக்கு நல்லது என்று அந்தக் குழந்தைகளுக்கு அதன் வகையொன்றைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் வேகம் எடுப்பது போலத் தெரிந்தது. அவர் தலைகீழாக யோசித்தார். வைட்டமின் நோயை வளர்த்தால், அதைத் தடுப்பது நோயைத் தடுக்குமா? லெடர்லியிடமிருந்து அமினோப்டரின் என்ற போலியை வாங்கினார். 1948இல் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது என்று எழுதினார். தற்காலிகம்தான். ஆனால் அதுவரை அந்த நோயில் ஒரு குழந்தைகூட அப்படிப் பின்வாங்கவைக்கப்பட்டதில்லை. அதே குடும்பத்து மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, மூட்டுவாதத்துக்குக்கூடக் கொடுக்கிறார்கள். சுப்பாராவ் அதே 1948 ஆகஸ்டில் 53 வயதில் இறந்தார்.

*

இனி வண்ணத்துப்பூச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் சிறகு நிறம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்தார். இதே ஹாப்கின்ஸ்தான் பின்னாளில் வைட்டமின் ஆராய்ச்சிக்காக 1929இல் நோபல் பரிசு பெற்றவர். 1920களில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் அந்த நிறமிகளைத் தூய்மையாகப் பிரித்து, சிறகுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து டெரின் என்று பெயர் வைத்தார்கள். யாருக்கும் எந்த உபயோகமும் இல்லாத ஆராய்ச்சி. வண்ணத்துப்பூச்சிக்கு ஏன் மஞ்சள் நிறம் என்று கேட்பவனுக்கு இன்றைக்கு யார் நிதி கொடுப்பார்கள்?

1940களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டெய்லர் என்ற மாணவர் ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைப் பற்றி வெளியான கட்டுரையைப் பார்க்கிறார். அதன் தலைப்பகுதியில் ஒரு விநோதமான இரட்டை வளையம். இயற்கையில் அதுவரை அது தெரியவந்திருந்த ஒரே இடம் வண்ணத்துப்பூச்சிச் சிறகு. அதே வளையம் மனித உடம்புக்கு இன்றியமையாத ஒரு வைட்டமினில் எப்படி வந்தது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க ஓடினார் டெய்லர். 1954இல் பிரின்ஸ்டனில் சேர்ந்தார். ஃபார்பரின் மருந்தைவிடச் சாமர்த்தியமான போலியைத் தேடிக்கொண்டே இருந்தார். 1980களில் எலை லில்லி கம்பெனியோடு கைகோர்த்தார். முதலில் கிடைத்த மூலக்கூறு ஆய்வுகளில் தேறவில்லை. அதைத் திருத்தித் திருத்திக் கடைசியாக வந்ததுதான் பெமெட்ரெக்ஸெட். மெத்தோட்ரெக்ஸேட் முக்கியமாக ஒரு வாசலை அடைக்கும். இது மூன்று வாசல்களை அடைத்தது.

அந்த மருந்தின் ராயல்டியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வேதியியல் துறைக்குப் புதுக் கட்டடமே கட்டிக்கொண்டது. சிறகின் நிறம் எதனால் என்று கேட்ட கேள்வி கடைசியில் கண்ணாடியும் இரும்புமாக எழுந்து நிற்கிறது.

*

ஆனால் மருந்து கையில் வந்ததும் கதை முடியவில்லை. நான் இந்தக் கதையில் மிகவும் நேசிக்கும் பகுதி இதுதான், ஏனென்றால் இங்கே ஹீரோ டேட்டா.

1990களின் இறுதியில் பெமெட்ரெக்ஸெட் ஆய்வுகள் நடந்துகொண்டிருந்தன. பலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் சிலருக்கு வெள்ளணுக்கள் சரிந்து, வாயும் குடலும் புண்ணாகி, மருந்தாலேயே உயிர் போனது. யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. வயது இல்லை, எடை இல்லை, கட்டியின் அளவு இல்லை. மருந்தையே கைவிடும் நிலைமை.

லில்லியில் வேலை பார்த்த கிளெட் நியிகிசா என்ற கணிதவியலாளர் 200க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளை எடுத்து உட்கார்ந்தார். எது எதோடு சேர்ந்து போகிறது என்று பார்த்தார். ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் சிகிச்சைக்கு முன்பே கூடுதலாக இருந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். ஹோமோசிஸ்டீன் கூடுதல் என்றால் உடம்பில் ஃபோலிக் அமிலமோ பி12 வைட்டமினோ குறைவு என்று அர்த்தம். அதாவது சுமைதூக்கிகள் ஏற்கெனவே குறைவாக இருந்த ஊரில் போய் வாசல்களையும் அடைத்திருக்கிறார்கள். நல்ல செல்களும் சேர்ந்து பட்டினி கிடந்திருக்கின்றன. லூசி வில்ஸ் பார்த்த மில் பெண்களின் குறைதான், வேறு உருவத்தில்.

தீர்வு எளிது: முன்கூட்டியே வைட்டமின் கொடுத்துவிடலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், இது எவ்வளவு பயமுறுத்தும் யோசனை என்று. ஃபோலிக் அமிலத்தைத் தடுப்பதுதான் இந்த மருந்தின் வேலையே. ஃபோலிக் அமிலம் புற்றுநோயை வளர்க்குமோ என்ற சந்தேகத்தில்தான் ஃபார்பர் காலத்தில் இந்தத் துறையே பிறந்தது. இப்போது அதே வைட்டமினைப் புற்றுநோயாளிக்கே ஊட்டு என்கிறார் ஒரு கணிதவியலாளர். மருத்துவர்கள் சும்மா ஒத்துக்கொள்வார்களா? வாதாடினார்கள். 1999 டிசம்பரில், ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்றினார்கள். இனி எல்லோருக்கும் தினம் ஒரு சிறு ஃபோலிக் அமில மாத்திரை, ஒன்பது வாரத்துக்கு ஒரு பி12 ஊசி.

சாவுகள் சட்டென்று குறைந்தன. மருந்தின் வீரியம் குறையவில்லை. இன்னும் சொல்லப்போனால், வைட்டமின் முழுமையாகப் பெற்றவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு 13.3 மாதத்துக்கு 10.0 மாதம். பக்கவிளைவு குறைந்ததால் ஆட்கள் கூடுதல் சுற்றுகளைத் தாங்கினார்கள். அமெரிக்க அரசு 2004 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது. இந்த நோய்க்கென்றே அங்கீகாரம் பெற்ற முதல் மருந்து அது.

நண்பனுக்கு இதையெல்லாம் போனில் சொல்லி முடித்தபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: “சரி, எவ்ளோ நாள் கூடுதலா கிடைக்கும்?”

*

2.8 மாதம் என்று நான் சொல்லவில்லை. அது பதில் இல்லை என்பதால். ஏன் இல்லை என்பதற்கு ஸ்டீபன் ஜே கூல்ட் சாட்சி. பரிணாமவியலாளர், அற்புதமான கட்டுரையாளர். 1982இல் அவருக்கு வயிற்றுச் சவ்வில் மீசோதீலியோமா வந்தது. நூலகத்துக்குப் போய்ப் படித்துப் பார்த்தார். நடுமதிப்பு 8 மாதம் என்று போட்டிருந்தது. நடுமதிப்பு என்றால் பாதிப் பேர் அதற்குள் இறப்பார்கள் என்றுதானே அர்த்தம், மீதிப் பாதிக்கு என்ன ஆகும் என்று கேட்டார். வரைகோட்டின் வால் வலது பக்கம் நீண்டுகொண்டே போகிறது, தான் அந்த வாலில் இருக்கலாம் என்று கண்டுகொண்டார். 1985இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், நடுமதிப்பே செய்தி அல்ல என்ற பொருளில் தலைப்பு வைத்து. அறுவை சிகிச்சையும் கீமோவும் எடுத்துக்கொண்டு 20 ஆண்டுகள் வாழ்ந்தார். 2002இல் அவர் இறந்தது வேறொரு புற்றுநோயால்.

கூல்டின் கட்டுரையை வாட்ஸப்பில் தன்னம்பிக்கைக் குறிப்பாக அனுப்புகிறவர்கள் உண்டு. அது தன்னம்பிக்கை இல்லை, கணக்கு. நீண்ட வாலில் இருப்பவர்கள் சிலர்தான். ஆனால் யார் அந்தச் சிலர் என்று முதல் நாளில் யாருக்கும் தெரியாது. கீமோவின் நியாயம் அங்கேதான் இருக்கிறது. அநியாயமும் அங்கேதான் இருக்கிறது. அந்த மாதங்களைச் சும்மா தருவதில்லை. சிஸ்பிளாட்டினுக்காக மணிக்கணக்கில் நரம்பில் தண்ணீர் ஏற்ற வேண்டும், குமட்டல், காதில் இரைச்சல், சிறுநீரகத்துக்கு ஆபத்து. மூன்று வாரத்துக்கு ஒருமுறை. பணமும் சின்னக் கேள்வி இல்லை. பிரிட்டனில் இந்த மருந்தை அரசுச் செலவில் கொடுக்கலாமா என்று இழுபறி நடந்து 2008 ஜனவரியில்தான் முடிவானது. இன்று இந்தியக் கம்பெனிகள் இதைத் தயாரிக்கின்றன, விலை இறங்கியிருக்கிறது. ஆனால் ஊசியின் விலை மட்டும்தான் செலவா? ஊரிலிருந்து வந்து லாட்ஜில் தங்குவது, கூட ஒரு ஆள் லீவு போடுவது, யார் கணக்கு வைக்கிறார்கள்?

நண்பனின் அப்பா ஆறு சுற்று எடுத்துக்கொண்டார். நடுவில் ஒரு மாதம் போல மூச்சு லேசானது. மாடிப்படி ஏறினார், ரேஷன் கடைக்கு அவரே போய்வந்தார். கண்டுபிடித்ததிலிருந்து 16 மாதம் இருந்தார். மருந்து இல்லாவிட்டால் எவ்வளவு இருந்திருப்பார்? தனி ஒருவருக்கு அந்த வித்தியாசத்தைக் கணக்கிட எந்த மென்பொருளாலும் முடியாது. இரண்டு கோடுகளில் ஒன்றில்தானே ஒரு மனிதர் இருக்க முடியும்?

பெமெட்ரெக்ஸெட்டுக்குப் பிறகும் வேலை நடந்திருக்கிறது. 2016இல் பிரெஞ்சு ஆய்வொன்று அதோடு பெவாசிசுமாப் என்ற மருந்தைச் சேர்த்து 16.1 மாதத்தை 18.8 ஆக்கியது. 2020 அக்டோபரில் அமெரிக்கா கீமோ இல்லாத சிகிச்சை ஒன்றை அனுமதித்தது. உடம்பின் நோய் எதிர்ப்பாற்றலை அவிழ்த்துவிடும் இரண்டு மருந்துகள் சேர்ந்தது. 605 பேரிடம் நடந்த அந்த ஆய்வில் கீமோவுக்கு 14.1 மாதம், புது ஜோடிக்கு 18.1. கீமோவுக்கு அடங்காத முரட்டு வகைக் கட்டிகளில் வித்தியாசம் இன்னும் அதிகம். கோடுகளுக்கு நடுவிலான இடைவெளி மெதுவாக அகலமாகிறது.

*

இவ்வளவு பெரிய பயணத்தைப் படித்துவிட்டு மனித அறிவை மெச்சி முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் முடியவில்லை. காரணம் தெரியாத நோய்க்கு மருந்து தேடுவது வேறு. இந்த நோயின் காரணம் 1960இலிருந்து அச்சில் இருக்கிறது.

பிரிட்டன் 1999இல் கல்நாரை முழுமையாகத் தடை செய்தது. நோயை உலகுக்குக் காட்டிக்கொடுத்த தென்னாப்பிரிக்கா 2008இல். அமெரிக்கா வெள்ளைக் கல்நாரைத் தடை செய்தது 2024 மார்ச்சில். இந்தியாவில் புதிதாகத் தோண்ட அனுமதி தருவதை 1980களிலேயே நிறுத்திவிட்டார்கள். இறக்குமதி மட்டும் நிற்கவில்லை. ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் கப்பலில் வந்து சிமெண்டோடு கலந்து கூரைத் தகடாகிறது. வெள்ளைக் கல்நார் நீலத்தைவிட ஆபத்து குறைந்தது என்பது தொழில்துறையின் வாதம். மீசோதீலியோமா விஷயத்தில் குறைவு என்பது உண்மைதான். ஆனால் எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தருபவை என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்கிறது.

பயமுறுத்த இதை எழுதவில்லை. உடையாமல் மேலே கிடக்கும் ஷீட் அடியில் தூங்குபவரை ஒன்றும் செய்துவிடாது. அதை ரம்பம் போட்டு அறுப்பவர், துளை போடுபவர், பழைய கூரையை உடைத்துக் குப்பையில் கொட்டுபவர், ஆலையில் மூட்டையைப் பிரித்துக் கொட்டுபவர்: தூசி இவர்களுக்குத்தான். 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலம் அவர்களுடைய உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. வேலையை விட்டு நின்ற பிறகும் பல ஆண்டுகளுக்கு அவர்களுடைய மருத்துவப் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்றது. நீதிபதிகளுக்கு லேட்டன்ஸி புரிந்திருக்கிறது. ஆனால் தினக்கூலிக்குக் கூரை மாற்றப் போகும் ஆளுக்கு எந்த ஆபீஸ் ரெஜிஸ்டரில் பெயர் இருக்கிறது? 40 வருஷம் கழித்து அவருக்கு மூச்சு வாங்கும்போது, எப்போது எங்கே எந்த ஷீட்டை அறுத்தார் என்று யாரிடம் கேட்பது?

ஸ்லெக்ஸ் கிம்பர்லியில் கேட்டது அந்தக் கேள்விதான். நீ எந்தத் திசையிலிருந்து வருகிறாய்? மருந்துகளுக்கு முன்னால் அந்தக் கேள்வி வந்தது, அதற்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படவில்லை. நெஞ்சில் நீரோடு வரும் ஒருவரிடம் காசநோய் மாத்திரையை நீட்டும் முன் “என்ன வேலை பார்த்தீங்க, எந்த ஊர்ல பார்த்தீங்க” என்று விசாரிக்கும் மருத்துவர் நமக்கு இன்னும் நிறையப் பேர் வேண்டும். இன்றைக்கு ஏதோ ஒரு தெருவில் முகமூடி இல்லாமல் ஷீட் அறுக்கும் இருபது வயதுப் பையனுக்கு, 2060இல் இன்னும் நல்ல மருந்து இருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் அவனுக்கு இப்போது தேவைப்படுவது ஒரு ஈரத்துணியும், அறுக்கும் இடத்தில் தெளிக்க ஒரு வாளித் தண்ணீரும், கல்நார் இல்லாத ஒரு ஷீட்டும்.